மறதிநோயுள்ள அம்மாவுக்கு மார்பில் கட்டி: முழுச் சிகிச்சையா, சுருக்கிய சிகிச்சையா, நோவுதணிப்பா?

குளிக்க வார்க்கும்போதுதான் பெரும்பாலும் அது கையில் தட்டுப்படுகிறது. மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. நினைவு தளர்ந்த அம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டார். அப்பாவென்றால், வெற்றிலைக் கறை படிந்த கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் இருக்கும். இரண்டு கிழமையாக அவர் சோற்றைத் துப்பியதை "அறளை பெயர்ந்திட்டுது, அதுதான் அடம்பிடிக்கிறார்" என்று வீடு எடுத்துக்கொண்டிருக்கும்.

கிளினிக்கில் புற்றுநோய் என்ற சொல் வந்ததும் உறவு இரண்டாகப் பிரிந்துவிடும். "மகரகமைக்குக் கொண்டு போங்கோ, எல்லாத்தையும் செய்யட்டும்" என்று கொழும்புக்கருகே உள்ள புற்றுநோய் வைத்தியசாலையைச் சொல்வார் ஒருவர். "இந்த வயசில ஏன் வெட்டிக் கொத்துறியள், விடுங்கோ" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அன்பில்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சிகிச்சையைக் கைவிடாமல், அந்த மனிதர் தாங்கக்கூடிய அளவுக்கு அதைச் சுருக்குவது. நெரிசலான கிளினிக்கில் குடும்பம் கேட்காவிட்டால் இதைப் பற்றிப் பேச்சே வராமல் போகலாம். நடுத்தர நிலை மறதிநோய் உள்ள பெரும்பாலான முதியவர்களுக்கு முதலில் விசாரிக்கவேண்டியது இந்த வழியைத்தான் என்பது எங்கள் துணிபு. ஏன் என்பதையும், எப்போது மற்ற இரண்டும் மேல் என்பதையும், திருகோணமலைக் குடும்பங்களை மனதில் வைத்துக் கீழே சொல்கிறோம்.

முதலில் அளக்கவேண்டியது கட்டியை அல்ல

கட்டி எத்தனை சென்ரிமீற்றர் என்று ஸ்கான் சொல்லும். மறதிநோய் எந்தப் படியில் நிற்கிறது என்பதை வீட்டார்தான் சொல்லவேண்டும். கிளினிக்கில் பத்து நிமிடம் பார்க்கும் வைத்தியருக்கு அது தெரியாது; வெளியாரைக் கண்டதும் அம்மா சிரித்து நலம் விசாரித்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடுவார்.

காசுக் கணக்கும் சமையலும் குழம்புகின்றன, ஆனால் தானே உடுத்திக் குளிக்கிறார் என்றால் அது ஆரம்ப நிலை. உடுத்தவும் குளிக்கவும் ஆள் வேண்டும், சலம் போவது சில நாள் தவறுகிறது, மகளைச் சில நேரம் தங்கை என்கிறார் என்றால் நடுத்தர நிலை. ஒரு நாளில் ஐந்தாறு சொல்லுக்குமேல் பேச்சில்லை, பிடிக்காமல் நடக்கமாட்டார், விழுங்கும்போது புரைக்கேறுகிறது என்றால் முற்றிய நிலை. அண்மைய மூன்று மாதத்தில் இவற்றில் எது மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். வாயால் சொல்ல முயன்றால் அம்மா முன்னிலையில் பாதி விடுபட்டுவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. நினைவு திடீரென்று, சில நாட்களுக்குள், மோசமானால் அதை மறதிநோயின் கணக்கில் எழுதக்கூடாது. புற்றுநோயே குருதியில் கல்சியத்தைக் கூட்டலாம். அப்போது தாகம், மலச்சிக்கல், தூங்கிவழிதல் மூன்றும் சேர்ந்து வரும். சோடியம் குறையலாம், சலத்தில் கிருமி தொற்றலாம், நான்கு நாள் மலம் போகாமல் இருக்கலாம், மூளைக்கே நோய் பரவியிருக்கலாம். நம்மூரில் மாறாட்டம் என்று சொல்வது இதைத்தான். காரணத்தைக் கண்டு திருத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குக் கிட்ட வருவார். மாறாட்டம் இருக்கும் கிழமையில் 'முற்றிவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம்' என்று தீர்மானித்துவிடாதீர்கள். குருதி, சலப் பரிசோதனை முடியட்டும்.

அடுத்த கேள்வி, இரண்டு நோயில் எது முந்தும் என்பது. அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிப் பராமரிப்பு இல்லங்களில் முற்றிய மறதிநோயுள்ள 323 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். நியூமோனியா, காய்ச்சல், உண்ண முடியாமை ஆகியவைதான் அவர்களிடம் அடிக்கடி கண்ட சிக்கல்கள். அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு, மெதுவாக வளரும் மார்புக் கட்டி ஒருபோதும் தொல்லை தராமலே போகலாம். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு முன்னே பல ஆண்டுகள் இருக்கக்கூடும். அவரிடம் 'மறதிநோய்' என்ற பெயரைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பது அநியாயம்.

முழுச் சிகிச்சை

மார்பில் சத்திரசிகிச்சை, பின் கதிர்ச் சிகிச்சை, தேவையானால் கீமோ. ஆரம்ப நிலை மறதிநோய், ஓரளவு நல்ல உடம்பு, துணைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் இதுவே சரியான வழி. மார்புச் சத்திரசிகிச்சை வயிற்றையோ நெஞ்சறையையோ திறப்பதில்லை. முதியவர்கள் பொதுவாக அதைத் தாங்குகிறார்கள்.

தவறுவது பெரும்பாலும் கத்தி பட்ட இடத்தில் அல்ல, மறுநாள் இரவு வாட்டில். புது இடம், இரவிலும் எரியும் விளக்கு, கையில் சேலைன், அருகில் தெரியாத முகங்கள். அம்மா எழுந்து வீட்டுக்குப் போகப் பார்ப்பார், வடிகுழாயை இழுப்பார். அமைதிப்படுத்த ஊசி போட்டால் அடுத்த நாள் முழுவதும் கிடப்பார்; கிடந்தால் சளி கட்டும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்கு மருந்தைவிட ஆளே பயன். 1999இல் அமெரிக்காவில் 852 முதிய நோயாளரிடம் செய்த ஆய்வில், நாளையும் இடத்தையும் நினைவூட்டுவது, கண்ணாடியும் காதுக்கருவியும் கொடுப்பது, தண்ணீர் பருக்குவது, நடக்கவைப்பது, இரவில் தூங்கவிடுவது ஆகிய எளிய வேலைகளால் மாறாட்டம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. எனவே வாட்டில் இரவுத் துணைக்கு ஒருவரை அனுமதிக்கச் சொல்லி முன்கூட்டியே பொறுப்புத் தாதியிடம் பேசுங்கள். துணை நிற்பவர் அம்மாவுக்குப் பழகிய முகமாக இருக்கவேண்டும். கூலிக்கு அன்றைக்கு வந்தவர் உதவமாட்டார். அவருடைய தலையணை உறை, வழக்கமாகப் போர்க்கும் சேலை, சாமிப் படம் கூடப் போகட்டும்.

மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு: மறதிக்குக் கொடுக்கும் டொனெப்பசில். தசையைத் தளர்த்தும் சில மருந்துகளின் வேலையை அது நீட்டிவிடும், நாடித்துடிப்பையும் குறைக்கும். பெயர் நினைவில்லை என்றால் குளிசை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதேபோல் ஒவ்வாமைக்கும் தடிமனுக்கும் நாம் தாராளமாகக் கொடுக்கும் பிரிட்டோன், நித்திரைக்குக் கொடுக்கும் அமிற்றிப்ரிலின் இரண்டும் மறதிநோயாளியை மேலும் குழப்பும். சில கீமோ மருந்துகளுக்கு முன் பிரிட்டோன் வகை ஊசி போடுவார்கள். மறதிநோய் இருப்பதை அங்கேயும் சொல்லவேண்டும். லூவி உடல் வகை மறதிநோய் என்றால் (இல்லாத ஆட்களைக் காண்பது, நடை விறைப்பது) அமைதிப்படுத்தக் கொடுக்கும் ஹலோப்பெரிடோல், வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோப்ரமைட் இரண்டும் ஆபத்து. கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

கதிர்ச் சிகிச்சையில் நோவு இல்லை. ஆனால் மேசையில் தனியே, அசையாமல், சில நிமிடங்கள் கிடக்கவேண்டும். துணைக்கு ஒருவரும் உள்ளே நிற்க முடியாது. இந்த ஒன்றுதான் பலருக்குத் தடையாகிறது. வீட்டில் பாயில் மல்லாக்கக் கிடத்தி, கைகளைத் தலைக்குமேல் வைத்து, பத்து நிமிடம் அறைக்கு வெளியே நின்று பாருங்கள். மூன்று நாள் முயன்றும் முடியவில்லையென்றால், அதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். திட்டமிடும் ஸ்கானுக்குப் போய் அங்கே கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

கீமோவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நடுத்தர நிலையைத் தாண்டியவருக்கு அது அநேகமாகப் பொருந்தாது. காய்ச்சல் வந்தால் அதே நாளில் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். "எனக்குக் குளிருது" என்று சொல்லத் தெரியாதவருக்கு அந்தக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதே பிந்திவிடும்.

சுருக்கிய சிகிச்சை

மார்புப் புற்றுநோய்க்கு இந்த வழி பலமான ஆதாரத்தோடு நிற்கிறது. முதிய பெண்களுக்கு வரும் மார்புப் புற்றுநோயில் பத்தில் எட்டுக்கு மேல் ஈஸ்ற்றஜின் ஏற்பி உள்ளவை, அதாவது ஈஸ்ற்றஜின் என்ற பெண் ஹோர்மோனைப் பற்றி வளர்பவை. ஹோர்மோனைத் தடுத்தால் கட்டி சுருங்கும், அல்லது வளராமல் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு குளிசை: லெற்றோசோல் 2.5 மில்லிகிராம், அல்லது தமொக்சிஃபென் 20 மில்லிகிராம்.

இதற்கு ஏற்பி இருக்கிறதா என்று தெரியவேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனை பெரும்பாலும் அதற்குப் போதாது. தடித்த ஊசியால் இழையத் துண்டு எடுக்கும் பயொப்சிதான் தேவை. தோலை மரக்கச்செய்துதான் எடுப்பார்கள், ஆனால் ஊசி 'டக்' என்று சத்தம்போடும். அந்தச் சத்தத்தில் அம்மா துள்ளுவார். கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஒரு சத்தம் கேக்கும் அம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல ஒருவர் நிற்கட்டும். சோதனைக்கு எழுதும் தாளில் ஏற்பிப் பரிசோதனையையும் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது விடுபட்டால் ஒரு மாதம் வீணாகும்.

குளிசை உடனே வேலைசெய்யாது. ஆறு கிழமையில் தொடங்கி மூன்று மாதத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டியை அளந்து, வளர்ந்திருந்தால் வழியை மாற்றவேண்டும். பலரில் இரண்டு மூன்று ஆண்டு கட்டுப்படும்; பிறகு மருந்துக்கு அடங்காமல் திரும்பும். சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. ஆயுளில் தெளிவான வேறுபாடு காணவில்லை. இதிலிருந்து ஒரு கணக்குப் போடலாம். அம்மாவுக்கு இன்னும் ஐந்து, ஆறு ஆண்டு இருக்கும்போல் தோன்றினால் குளிசையோடு மட்டும் நிற்பது போதாது. இரண்டு மூன்று ஆண்டு என்றால் அது போதும்.

லெற்றோசோல் மூட்டு நோவு தரும், எலும்பை மெலிவாக்கும். விழுந்தெழும்பும் பழக்கமுள்ளவருக்கு அது பெரிய விஷயம். தமொக்சிஃபென் காலில் இரத்தம் உறையவைக்கலாம்: ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுஒக்சற்றீன், பரொக்சற்றீன் தமொக்சிஃபெனை உடம்பில் வேலைசெய்யவிடாது; இரண்டும் ஒரே கொப்பியில் இருந்தால் கேள்வி கேளுங்கள். குளிசையைத் துப்புகிறவருக்கு அதைக் கடையில் பொடியாக்கித் தரச் சொல்லாதீர்கள். வீட்டில் ஒரு கரண்டி வாழைப்பழத்துக்குள் முழுதாக வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஹோர்மோன் மருந்துத் தூள் மற்றப் பெண்களின் கையில் படக்கூடாது, கர்ப்பிணியாக இருப்பவர் தொடவே கூடாது.

நடுவழியின் இன்னொரு முகம்: கட்டியை மட்டும் எடுத்து, கதிர்ச் சிகிச்சையை விட்டு, குளிசையைத் தொடர்வது. சிறிய கட்டியென்றால் இடத்தை மட்டும் மரக்கச்செய்தும் எடுக்கலாம். முழு மயக்கம் தவிர்ந்துவிடும். 65 வயதுக்கு மேற்பட்ட, 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட, ஹோர்மோன் ஏற்பியுள்ள, அக்குளிலுள்ள நிணநீர்க் கழலைகளுக்குப் பரவாத கட்டி எடுத்த 1,326 பெண்களிடம் செய்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2023இல் வந்தது. கதிர்ச் சிகிச்சை செய்யாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும், செய்தவர்களில் 0.9 சதவீதத்தினருக்கும் அதே மார்பில் நோய் திரும்பியது. பத்தாண்டின் பின் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே: நூற்றுக்கு 81. மறதிநோயுள்ள 80 வயது அம்மாவுக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ கிழமைக் கணக்கில் அலைவது அப்படியே மிச்சம்.

கதிர்ச் சிகிச்சை அவசியம் என்றாலும், மூன்று கிழமையில் 15 தடவை என்பது மட்டும்தான் வழி என்றில்லை. 4,096 பேரிடம் செய்து 2020இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, ஒரு கிழமையில் 5 தடவையாக 26 கிரே (கிரே என்பது கதிரின் அளவு) கொடுத்தாலும் மார்பில் நோய் திரும்புவது கூடவில்லை என்று காட்டியது. 'ஐந்து தடவையில் முடிக்கலாமா' என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எலும்புக்குப் பரவி நோவு தந்தால், 8 கிரே ஒரே தடவை கொடுப்பது பல தடவை கொடுப்பதற்கு நிகராக நோவைக் குறைக்கும். பிறகு இன்னொரு தடவை தேவைப்படும் வாய்ப்பு மட்டும் கூட.

அப்பாவின் வாய்ப்புண் வேறு கதை

இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைதான் பெருங்காரணம். இதற்கு ஹோர்மோன் குளிசை போன்ற எளிய நடுவழி இல்லாததால் தீர்மானம் கடினம்.

சிறிய புண் என்றால், நடுத்தர மறதிநோயிலும், எடுத்துவிடுவதே நல்லது. விட்டால் அது முகத்தைத் துளைத்து, உண்ணவிடாமல், மணத்தோடும் நோவோடும் கொல்லும். மார்புக் கட்டியைப்போல் அமைதியாக இருக்காது. பெரிய புண் என்றால் நிலைமை தலைகீழ். தாடை எலும்பில் ஒரு பகுதி, கழுத்துக் கழலைகள், வேறிடத்துத் தசையால் ஒட்டு, தொண்டையில் துளை, மூக்குக் குழாயால் உணவு. நடுத்தர நிலை மறதிநோயாளி அந்தக் குழாயை ஒரு நாளில் மூன்று தடவை பிடுங்குவார். கையைக் கட்டினால் மாறாட்டம் இரட்டிக்கும். கதிர்ச் சிகிச்சைக்கு முகத்தையும் தோளையும் மூடி மேசையோடு பூட்டும் வலைமுகமூடி போடுவார்கள். கிழமையில் ஐந்து நாளாக 30 முதல் 35 தடவை, ஆறு ஏழு கிழமை. இரண்டாம் மூன்றாம் கிழமையில் வாய் முழுவதும் புண்ணாகும். ஏன் என்று விளங்காத ஒருவருக்கு அது தண்டனையாகத்தான் படும்.

பெரிய புண்ணுக்குச் சுருக்கிய கதிர்ச் சிகிச்சை உண்டு: இரண்டு நாளில், நாளுக்கு இரு தடவையாக, மொத்தம் 4 தடவையில் ஏறத்தாழ 14 கிரே. பலன் தெரிந்தால் நான்கு கிழமை இடைவெளியில் இன்னும் இரண்டு சுற்று. குணமாக்க அல்ல, புண்ணைச் சுருக்கி, இரத்தத்தை நிறுத்தி, கஞ்சி குடிக்கவைக்க. இரண்டு நாள் முகமூடியை ஒரு சிறு அமைதிப்படுத்தும் மருந்தோடு பலர் தாங்கிவிடுவார்கள். ஏழு கிழமை தாங்கமாட்டார்கள்.

வீட்டில் நோவுதணிப்பு

முற்றிய மறதிநோயில் எங்கள் தெரிவு இதுதான். இதைக் கைவிடல் என்று எவரும் எண்ணவேண்டாம். மூன்று வழிகளில் வீட்டாருக்கு அதிக கைவேலை கேட்பது இதுவே.

பேசாதவரின் நோவை அளக்க ஐந்து அடையாளம் பார்க்கிறார்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. காலையில் உடம்பு துடைக்கும்போதும் மாலையிலும் எழுதுங்கள். நோவை 'குணம் கெட்டுப்போச்சு' என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கும் நடக்கும் தவறு. 2011இல் நோர்வேயில் கத்தல், அடித்தல் முதலிய குழப்ப நடத்தை உள்ள 352 மறதிநோயாளரிடம் செய்த ஆய்வில், அவர்களில் ஒரு பாதியினருக்கு நோவுமருந்தை முறைப்படி ஏற்றிக் கொடுத்தார்கள். எட்டுக் கிழமையில் அவர்களின் அந்த நடத்தை 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலானோருக்குத் தேவைப்பட்டது பரசிற்றமோல் மட்டுமே.

பனடோலை 'நோவு வந்தால்' என்று கொடுப்பதில் பயனில்லை, அவர் கேட்கமாட்டார். நேரம் வைத்துக் கொடுக்கவேண்டும்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு அல்லது எட்டு மணிக்கொரு தடவை. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தால் அளவைக் குறைத்துத் தருவார் வைத்தியர். அது போதாதபோது மோர்ஃபின். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், முதியவருக்கு 2.5 மில்லிகிராம் வாய்வழியாகத் தொடங்கி ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கும், எனவே இடைவெளி கூட வேண்டும். மோர்ஃபின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். பிந்தினால் மலம் கட்டி, அதனாலேயே மாறாட்டம் வந்து, 'மருந்து ஒத்துக்கொள்ளேல்லை' என்று நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

கட்டி வெடித்துப் புண்ணானால் வீட்டை வருத்துவது மணம். மெற்றோனிடசோல் குளிசையைப் பொடித்துப் புண்மேல் தூவிக் கட்ட வைத்தியர் சொல்லித்தருவார். சில நாளில் மணம் அடங்கும். பழைய கட்டை அவிழ்க்குமுன் உப்புநீரால் நன்றாக நனையுங்கள். காய்ந்த துணியை இழுப்பதுதான் இரத்தம் கசியக் காரணம். கட்டுமுன் அரை மணிக்கு முதலே நோவுமருந்து கொடுத்திருக்கவேண்டும். கருநிறத் துவாய் இரண்டை அருகில் வைத்திருங்கள். இரத்தம் வந்தால் அழுத்திப் பிடிக்கவும் உதவும், வெள்ளைத் துணியில் சிவப்பைப் பார்த்து எல்லாரும் பதறுவதையும் தவிர்க்கும்.

உணவுக் குழாய் வேண்டாம். முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நியூமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் இதைத் தெளிவாகச் சொன்னது. நேராக இருத்தி, தேக்கரண்டியால், நாடியை (மோவாயை) சற்றுத் தாழ்த்தி, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்த கரண்டி. பிட்டு ஆகவே ஆகாது, உதிர்ந்து புரைக்கேறும். சொதியில் ஊறிக் குழைந்த இடியப்பம், பால்கஞ்சி, முள் எடுத்து மசித்த மீன் சரி. உண்டபின் அரை மணி நேரம் கிடத்தக்கூடாது.

எங்கே, எப்படிப் போவது

பயொப்சி, ஸ்கான், சத்திரசிகிச்சைக் கிளினிக் வரை திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். கதிர்ச் சிகிச்சைக்கு மாவட்டத்துக்கு வெளியே போகவேண்டும். மட்டக்களப்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், கண்டி 180, மகரகம 260க்கு மேல். தெல்லிப்பழையும் ஒரு தெரிவு; யாழ்ப்பாணத்தில் உறவு இருப்பவர்களுக்குத் தங்குமிடம் கிடைப்பதே பெரிய வசதி. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பாதை 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து மிகவும் இலகுவாகிவிட்டது. மொழியும் அங்கே தடையில்லை. மறதிநோயாளிக்கு இது சிறு விஷயமல்ல: பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி கடைசிவரை நிற்கும். "மூச்சை அடக்குங்கோ, அசையாதேங்கோ" என்பதைத் தமிழில் சொல்லும் ஆள் இருக்கும் இடம் அம்மாவுக்கு நல்ல இடம்.

கொழும்புக்கு இரவுத் தபால் ரயில் மலிவுதான், ஆனால் அந்தியில் குழம்புகிறவரை இரவு ரயிலில் ஏற்றாதீர்கள். பகலில் வான் வண்டியில் போங்கள். பின் ஆசனத்தில் நடுவில் இருத்துங்கள், கதவோரம் வேண்டாம். இரண்டு மணிக்கொரு தடவை நிறுத்திச் சலம் போகவையுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவசரத்துக்கு மட்டும். கிளினிக் பயணத்துக்கு அதை நம்பித் திட்டம் போடமுடியாது.

யார் நிற்பது

கிழமைக் கணக்கில் நீளும் சிகிச்சை என்றால் வரிசையில் நின்று இலக்கம் எடுக்க ஒருவர், அம்மாவின் பக்கத்தை விட்டு அசையாமல் ஒருவர். இரண்டு பேர் இல்லாமல் அது நடக்காது. பெரும்பாலும் இந்தச் சுமை ஒரே மகளின் தலையில், அல்லது மருமகளின் தலையில். பராமரிக்கும் முதிய துணைவர்களை நான்கு ஆண்டு தொடர்ந்த 1999ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பராமரிப்பால் உளைச்சலுற்றவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூட. அப்பாவைப் பார்ப்பது 75 வயது அம்மா என்றால், அம்மாவின் பிரஷர் குளிசையும் கிளினிக் திகதியும் அதே தாளில் இருக்கவேண்டும்.

ஒரு மாதம் மூத்தவர் வீடு, ஒரு மாதம் இளையவர் வீடு என்று அம்மாவைச் சுற்றவிடும் வழக்கத்தை இந்தக் காலத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கழிவறை எங்கே என்று புதிதாகக் கற்கவேண்டும், அவரால் அது முடியாது. அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் சுற்றட்டும்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லும்போது அவர் காண்பது ஐந்து நிமிடம் சிரித்துப் பேசும் அம்மாவை. மாலை ஆறு மணிக்கு, உணவு ஊட்டும் நேரத்தில், வீடியோ அழைப்பை எடுத்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்குப் பிறகு பேசுவது வேறாக இருக்கும்.

புதிய ஆய்வுகள் இந்தத் தீர்மானத்தை மாற்றுமா

வாட்சப்பில் வரும் மூன்று செய்திகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

'புற்றுநோய் வந்தவருக்கு அல்ஸைமர் வராது' என்பது ஒன்று. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 1,278 பேரைப் பார்த்ததில், புற்றுநோய் வந்து பிழைத்தவர்களுக்கு அல்ஸைமர் வருவது 33 சதவீதம் குறைவாக இருந்தது உண்மை. உயிரணு பெருகுவதும் அழிவதும் எதிரெதிர்த் திசையில் இயங்குவதால் இருக்கலாம். மறதிநோயாளியில் புற்றுநோயைத் தேடுவதே குறைவு என்பதாலும் இருக்கலாம். இரண்டும் ஒருவருக்கே வருவதை அது தடுப்பதில்லை.

புற்றுநோய் மருந்து மறதியைக் குணமாக்கும் என்பது இரண்டாவது. பெக்சறற்றீன் என்ற தோல் லிம்ஃபோமா மருந்து அல்ஸைமரில் மூளையில் படியும் அமிலொயிட் என்ற புரதத்தை எலிகளின் மூளையிலிருந்து நீக்கியதாக 2012இல் பெரும் பரபரப்பு எழுந்தது. அந்த நீக்கத்தை மற்ற ஆய்வகங்கள் மறுபடி காணவில்லை.

அல்ஸைமருக்கான லெக்கனெமாப் ஊசி மூன்றாவது. 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் அது வீழ்ச்சியை 27 சதவீதம் மெதுவாக்கியது. 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி. தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கொரு தடவை நாளத்தில் ஏற்றவேண்டும், மூளை வீக்கமும் கசிவும் இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். அதுவும் ஆரம்ப நிலைக்கு மட்டும். உடுத்த ஆள் வேண்டிய அம்மாவுக்கு அது பொருந்தாது. அதற்காகக் காத்துக் கட்டியை விட்டுவைக்கக்கூடாது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று: புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் மறதிநோயுள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 'நூற்றுக்கு இத்தனை பேருக்குப் பலன்' என்று கேட்கும் எண்கள் நினைவு தெளிந்தவர்களின் எண்கள்.

அம்மாவிடம் கேட்பது

மறதிநோய் என்றதும் அவர் சம்மதம் தேவையில்லை என்றாகிவிடாது. கொடுப்பனவுப் புத்தகத்தில் கையெழுத்து எங்கே என்று தெரியாதவர், "இந்தக் கட்டிய எடுக்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லலாம். காலையில், அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அடுத்த நாளும் கேளுங்கள். பதில் ஒன்றாகவே வந்தால் அதற்கு எடை கொடுங்கள். பேச்சில்லாதவர் என்றால், தெளிவாக இருந்த காலத்தில் அயலில் ஒருவர் நோயில் கிடந்தபோது அவர் என்ன சொன்னார் என்று பிள்ளைகள் நினைவுகூரலாம்.

தீர்மானம் ஆனதும் அதைக் காலம் குறித்து எழுதுங்கள். "லெற்றோசோல், மூன்று மாதம், பிறகு அளந்து பார்ப்பது. கட்டி வளர்ந்தால் இடத்தை மரக்கச்செய்து எடுப்பது பற்றிப் பேசுவது. உணவுக் குழாய் வேண்டாம். நோவுக்கு மோர்ஃபின் கொடுக்கலாம். இரவில் அழைக்கவேண்டியது இளைய மகளை." இவ்வளவும் அரைப்பக்கத்தில் அடங்கும். வைத்தியரின் கையொப்பத்தோடு ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள், ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில். நடு இரவில் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குப் போகும்போது அம்மாவை முன்பின் அறியாத இளம் வைத்தியர்தான் அங்கே நிற்பார். அவர் கையில் முதலில் கொடுக்கவேண்டியது அந்தத் தாள்.